கெல்லி ஸ்மித்: கோயில் கூரையில் நிற்கும் துரையும், பெயர் தெரியாத 70 பேரும்

ஈப்போவிலிருந்து புறப்பட்டு கோப்பெங் - பத்து காஜா சாலையில் போகிறவர்கள், சுங்கை ராயாவின் கரையில் ஒரு மேட்டின் மேல் செங்கல் நிறத்தில் எழுந்து நிற்கும் கட்டடத்தைக் கண்டிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் வரை எல்லாரும் அதைக் கெல்லி கோட்டை என்றே அறிவார்கள். பேய் நடமாட்டம், சுரங்கப் பாதை, மறைந்த அறைகள் என்று அந்த மாளிகையைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் ஏராளம். 1999-இல் வெளிவந்த ஆங்கிலப் படமான 'அன்னா அண்ட் தி கிங்' படத்தின் சில காட்சிகள்கூட இங்கே எடுக்கப்பட்டன.

ஆனால் அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அந்தக் கோயிலின் மேற்கூரையில் தெய்வ உருவங்களோடு உருவமாக, வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒரு வெள்ளைக்காரரின் சிலை நிற்கிறது. அவர்தான் கோட்டையின் சொந்தக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தமிழர் கட்டிய அம்மன் கோயிலில் எப்படி இடம் பிடித்தார்? அதை அறிய அவருடைய வாழ்க்கையையும், அவரோடு சேர்த்து நம் முன்னோரின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும்.

இருபது வயதில் மலாயா

1870-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே வட்டாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வில்லியம் ஸ்மித். கெல்லாஸ் என்ற சிற்றூர்தான் அவருடைய பூர்வீக மண். 'கெல்லி' என்பது தாயின் குடும்பப் பெயர். அதைப் பின்னாளில் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். விளைச்சல் குறைந்த குளிர்நாட்டில் விவசாயி மகனுக்குப் பெரிய எதிர்காலம் இல்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்து இளைஞர்கள் பலர் கனடா, ஆஸ்திரேலியா, இலங்கை என்று கப்பல் ஏறினார்கள். பொறியியல் பயின்ற ஸ்மித் மலாயாவைத் தேர்ந்தெடுத்தார். 1890-இல் பேராக்கில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 20.

அன்றைய பேராக் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பிறகு மாநில நிர்வாகம் பிரிட்டிஷார் கைக்குப் போயிருந்தது. 1885-இல் மலாயாவின் முதல் ரயில், தைப்பிங்கிலிருந்து இன்று கோலா செப்பெத்தாங் என்று வழங்கும் போர்ட் வெல்டு துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தைப் போட உழைத்தவர்களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படையினரும் இருந்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டத் தோண்ட வந்தது. சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தார்கள். ஆற்றங்கரைக் கம்பமாக இருந்த ஈப்போ பட்டணமாக வளர்ந்தது. பத்து காஜாவில் கிந்தா மாவட்டத்தின் அரசு அலுவலகங்களும் மருத்துவமனையும் நீதிமன்றமும் எழுந்தன.

நியூசிலாந்துக்காரரான சார்லஸ் அல்மா பேக்கர் என்பவர் அப்போது நில அளவைத் தொழில் நடத்தி வந்தார். பேராக்கில் 9,000 ஹெக்டர் காட்டை வெட்டித் திருத்தும் உரிமை அரசாங்கத்திடமிருந்து அவருக்குக் கிடைத்திருந்தது. ஸ்மித் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த லாபத்தைச் சேர்த்து வைத்தார். பிறகு கிந்தா மாவட்டத்தில் ஏறக்குறைய 1,000 ஏக்கர் காட்டை விலைக்கு வாங்கினார். பிறந்த மண்ணை மறக்காமல் அதற்குக் கிந்தா கெல்லாஸ் தோட்டம் என்று பெயர் வைத்தார்.

அதே கடலில் இன்னொரு கப்பல்

ஸ்மித் வந்த அதே காலத்தில்தான் நம்மவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். வந்த விதம்தான் வேறு.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள், மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கிடந்து பினாங்கை அடைந்தார்கள். கப்பலில் நோய் கண்டால் ஜெரெஜாக் தீவில் அடைத்து வைக்கப்பட்டார்கள். பலர் சஞ்சிக் கூலிகள். வரும் முன்பே கப்பல் கட்டணமும் முன்பணமும் கடனாக அவர்கள் தலையில் ஏறிவிடும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ஓடிப்போனால் அது சட்டப்படி குற்றம், பிடிபட்டால் சிறை. பேராக்கின் வடக்கே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் இப்படி வந்தவர்களில் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டவர்கள் மிகப் பலர்.

பிறகு கங்காணி முறை பரவியது. தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்கே போய் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வந்தார். ஊர்க்காரர் ஒருவரின் முகத்தை நம்பி வந்ததில் ஆறுதல் உண்டு. ஆனால் கடன் கணக்கும் அவரிடம்தான் இருந்தது. சஞ்சி முறைக்கு 1910-இல் முடிவு கட்டப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது.

கடன்பட்டு வந்தவர்கள் எல்லாரும் கடைசிவரை கூலிகளாகவே இருந்துவிடவும் இல்லை. 1896-இல் மலாயாவுக்கு வந்த வீராசாமி என்பவர் சுங்கை சிப்புட் பகுதியில் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தார். அவருடைய மகன்தான் நாட்டின் சுதந்திரத்துக்குப் பாடுபட்ட தலைவர்களில் ஒருவரான துன் சம்பந்தன். ஆனால் அப்படி உயர்ந்தவர்கள் சிலரே. லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, அதே லயத்தில் கண்ணை மூடியவர்கள்தாம் பெரும்பாலோர்.

ஸ்மித்துக்கு 20 வயதில் கிடைத்த வாய்ப்பு, அதே வயதில் கப்பல் ஏறிய தமிழ் இளைஞனுக்குக் கிடைக்கவில்லை. வங்கி கடன் கொடுத்ததும், அரசாங்கம் நிலம் கொடுத்ததும் தோல் நிறத்தைப் பார்த்துத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்மித்தின் உழைப்பையும் அளக்க வேண்டும்.

ரப்பர் தந்த செல்வம்

பேராக் தோட்டக்காரர்கள் முதலில் நம்பியது காப்பியை. பிரேசிலில் விளைச்சல் பெருகியதும் காப்பி விலை சரிந்தது. அப்போது கைகொடுத்தது ரப்பர். 1877-இலேயே அன்றைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்திருந்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அந்த ஊரில் பாதுகாக்கப்படுகிறது. மோட்டார் வண்டிகள் பெருகியதும் டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. காடெல்லாம் பால்மரத் தோட்டமானது.

ரப்பர் கன்று பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கக் கையில் காசு வேண்டும். ஸ்மித் ஈயத்திலும் கை வைத்திருந்ததால் தாக்குப்பிடித்தார். கிந்தா கெல்லாஸ் என்ற பெயர் ரப்பர் தோட்டத்துக்கு மட்டுமல்லாமல் ஈயம் அள்ளும் நிறுவனத்துக்கும் சூட்டப்பட்டது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலைபோனது. மலாயாத் தோட்ட முதலாளிகள் கனவிலும் காணாத விலை அது. விடியுமுன் பிரட்டுக்கு வந்து நின்று, கொசுக்கடியில் மரம் சீவி, வாளி சுமந்து பால் எடுத்தவர்களின் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை.

1903-இல் ஸ்மித் தம் மனைவி ஆக்னஸை மலாயாவுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு மகள் ஹெலன் பிறந்தாள். அதன் பின் நீண்ட காலம் குழந்தை இல்லை. 1909-ஐ ஒட்டி ஆற்றங்கரையில் முதல் வீட்டைக் கட்டினார். கெல்லாஸ் இல்லம் என்று பெயர் பெற்ற அந்த வீட்டின் புதுமையான அமைப்பு லண்டன் பத்திரிகைவரை பேசப்பட்டது. 1915-இல் மகன் அந்தோணி பிறந்தான். நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை. அந்த மகிழ்ச்சியில்தான், பழைய வீட்டை ஒட்டியே பெரிய மாளிகை ஒன்றை எழுப்ப அவர் முடிவு செய்தார் என்று சொல்லப்படுகிறது.

சென்னையிலிருந்து வந்த கைகள்

மாளிகைக்கு ஸ்மித் வகுத்த திட்டம் பெரியது. ஆறு மாடி உயரக் கோபுரம். அதில் ஏறி இறங்க மின்தூக்கி. அது நிறுவப்பட்டிருந்தால் மலாயாவிலேயே முதலாவதாக இருந்திருக்கும் என்பார்கள். வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட இடம். விருந்து நடத்த மொட்டை மாடி. மது வைக்க நிலவறை. ஸ்காட்லாந்துக் கோட்டையின் கோபுரமும், மூர் பாணி வளைவுகளும், இந்தியக் கட்டடக் கலையும் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இந்தியப் பண்பாட்டின் மேல் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஆகவே செங்கல்லையும் பளிங்கையும் இந்தியாவிலிருந்து வரவழைத்தார். கூடவே சென்னைப் பக்கத்திலிருந்து 70 கைவினைஞர்களையும் வரவழைத்தார். கொத்தனார்கள், தச்சர்கள், சுதை வேலைக்காரர்கள் எனத் தொழில் தெரிந்தவர்கள் அவர்கள். செங்கல்லும் வளைவுகளும் கொண்டு எழுந்த சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் 1892-இல் முடிந்திருந்தது. அந்த வகைக் கட்டட வேலை பழகிய மண்ணிலிருந்து வந்தவர்களின் கைப்பழக்கம் கெல்லி கோட்டையின் தாழ்வாரங்களில் தெரிகிறது. வரிசை வரிசையாகச் செல்லும் அந்த வளைவுகளைப் பார்த்தால் நமக்குப் பழக்கப்பட்ட ஏதோ ஒன்று கண்ணில் படும். அதே ஆண்டுகளில்தான், 1917-இல், குவிமாடங்களோடு கூடிய ஈப்போ ரயில் நிலையமும் கட்டி முடிக்கப்பட்டது.

இந்த 70 பேரும் பால்மரம் வெட்ட வந்தவர்கள் அல்லர். தொழில் கற்றவர்கள், ஊரில் வேலை உள்ளவர்கள், கடல் கடந்து வர ஒப்புக்கொண்டவர்கள். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் வந்திருப்பார்கள்.

அம்மன் வந்த கதை

1918-இன் இறுதியில் உலகெங்கும் பரவிய ஸ்பானிய விஷக்காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் தோட்டங்களில் சாவு மேல் சாவு. நெருக்கமான லயங்களில், சத்தில்லாத உடம்போடு வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்களே மிக அதிகமாக மாண்டார்கள். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தையும் நோய் விட்டுவைக்கவில்லை. மாளிகை வேலைக்கு வந்தவர்களிலும் பலர் இறந்தார்கள். நேற்றுவரை சாரத்தில் நின்றவன் இன்று இல்லை.

ஊரில் கொள்ளைநோய் வந்தால் நம் மக்கள் முதலில் நினைப்பது மாரியம்மனைத்தான். மண்ணை வெட்டி, காட்டை அழித்து, இவ்வளவு பெரிய வீடு எழுப்புகிறோம், ஆத்தாளுக்கு ஓர் இடம் வைக்கவில்லையே என்ற கலக்கம் தொழிலாளர்களுக்கு வந்தது. அவர்கள் ஸ்மித்திடம் போய், கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அவர் தயங்காமல் இசைந்தார். மாளிகை வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே அம்மனுக்குக் கோயில் எழுந்தது. இதுதான் தலைமுறை தலைமுறையாகப் பேராக் தமிழர்கள் சொல்லிவரும் வரலாறு.

நன்றிக் கடனாகத் தொழிலாளர்கள் ஸ்மித்தின் உருவத்தைக் கோயிலின் மேல் செய்து வைத்தார்கள். அதைப் பார்த்து இன்று சிலர் வியக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் இது நம் மரபுக்குப் புதிதல்ல. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னி குவிக்கின் படத்தைத் தேனி மாவட்டத்து விவசாயிகள் இன்றும் வீட்டில் மாட்டி வைக்கிறார்கள். மதுரை மீனாட்சிக்குப் பொன்னில் அங்கவடி செய்து கொடுத்த கலெக்டர் ரௌஸ் பீட்டரைப் பீட்டர் பாண்டியன் என்றே அந்த ஊர் அழைத்தது. ஆட்சி செய்தவன் அந்நியன்தான், ஆனால் கேட்டபோது காது கொடுத்தவனை மறக்கக் கூடாது என்பது நம்மவர்களின் வழக்கம். அந்தச் சிலை அடிமைத்தனத்தின் அடையாளம் என்று சொல்வது அதைச் செய்த கைகளுக்கு நியாயம் ஆகாது. ஒரு முறை தங்கள் குரலுக்கு மதிப்புக் கிடைத்தது என்பதை அவர்கள் சுதையில் எழுதி வைத்தார்கள்.

லிஸ்பனில் முடிந்த பயணம்

முதல் உலகப் போர் முடிந்தபின் ரப்பர் விலை அடியோடு சரிந்தது. விலையைத் தூக்கி நிறுத்த 1922-இல் பிரிட்டிஷ் அரசு உற்பத்திக் கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. மாளிகை வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் ஸ்மித் கைவிடவில்லை.

1926-இல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மாளிகைக்கான மின்தூக்கியை வாங்கத்தான் போனார் என்றும் சொல்வதுண்டு. வழியில் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பனில் நிமோனியா காய்ச்சல் கண்டு டிசம்பர் மாதம் காலமானார். வயது 56. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த ஸ்காட்லாந்திலும் இல்லை, வாழ்ந்த பேராக்கிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஊரில் அவர் உறங்குகிறார்.

ஆக்னஸ் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்திலேயே தங்கிவிட்டார். மலாயாச் சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மின்தூக்கிக்காக விட்ட குழி வெறுமையாகவே நின்றது. சுவர்களில் கொடி படர்ந்தது. முதல் வீடு இடிந்து பாழானது. பல்லாண்டுகள் கழித்துத்தான் மாளிகை சுற்றுலாத் தலமாகச் சீரமைக்கப்பட்டது.

ஸ்மித் இறந்த அதே 1926-இல்தான் ரஜுலா கப்பல் கட்டி முடிக்கப்பட்டது. அது பின்னர் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று பல பத்தாண்டுகள் ஓடி, நம் குடும்பங்கள் பலவற்றை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நம் தாத்தா பாட்டிகளின் பேச்சில் அந்தக் கப்பலின் பெயர் அடிபடாத வீடு குறைவு.

யார் கட்டிய கோட்டை?

கெல்லி ஸ்மித்தை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. இருபது வயதில் அந்நிய நாட்டில் தனியாக இறங்கி, காய்ச்சல் காட்டில் உழைத்து முன்னேறியவர். தொழிலாளர்களின் நம்பிக்கையை மதித்தவர். அதே வேளையில், தமிழர்களின் மலிவான உழைப்பின் மேல் நின்ற ஓர் அமைப்பில் செல்வம் சேர்த்தவர். இரண்டும் உண்மை.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்மித் எந்த ஆண்டு பிறந்தார், எங்கே இறந்தார், பிள்ளைகளின் பெயர் என்ன என்றெல்லாம் நம்மால் சொல்ல முடிகிறது. கடல் கடந்து வந்து அந்த வளைவுகளைக் கட்டிய 70 பேரில் ஒருவர் பெயரும் மக்கள் நினைவில் இல்லை. எந்த ஊர்க்காரர்கள், எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள், யார் இங்கேயே தங்கிக் குடும்பமானார்கள் என்பதைச் சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. ஸ்மித்தின் முகத்தைச் சிலையாகச் செய்தவர்கள் தங்கள் பெயரை எங்கும் பொறித்துக்கொள்ளவில்லை.

இது அந்த 70 பேரோடு நிற்கும் குறை அல்ல. பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டுவிட்டன. சில செம்பனைக் காடாகிவிட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் இடிந்தபோது அங்கே வாழ்ந்தவர்களின் கதையும் சேர்ந்தே போயிற்று. பல இடங்களில் எஞ்சி நிற்பது அம்மன் கோயில் ஒன்றுதான். தோட்டம் இருந்ததற்கு அதுவே சாட்சி.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போகும் பெற்றோர், பேய்க் கதையோடு திரும்பிவிடாமல், அந்த மாரியம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள். கூரையில் நிற்கும் துரையைக் காட்டுங்கள். அவரை அங்கே நிறுத்தியவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் பதிந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.